நாற்பது நிமிஷச் சரக்கு

டிவியில் முகம் தெரிந்துவிட்டால் காமெடியன் செட்டிலாகிவிட்டான் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கென்னவோ அவன் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது.

டெல்டா கணக்கைப் பாருங்கள். தையில் சம்பா அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கினதும் கோயில் கோயிலாகத் திருவிழா. மாசியிலிருந்து ஆடி வரைக்கும் பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி, பலகுரல் என்று மேடை காலியாகாது. சீசன் முழுக்க ஒரு மிமிக்ரி கலைஞர் ஓட்டுவது ஒரே நாற்பது நிமிஷச் சரக்கைத்தான். திருத்துறைப்பூண்டியில் பேசியதை வலங்கைமானில் பேசலாம், அங்கே கேட்டவர் இங்கே வரப்போவதில்லை. போகப் போக மெருகு ஏறும். எந்த வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தணும், பெண்கள் பக்கம் எதற்குச் சிரிப்பார்கள், மைக் கொய்யென்று கத்தினால் அதையே எப்படிக் காமெடியாக்குவது, எல்லாம் அப்படிப் படிந்ததுதான்.

டிவியில் ஒரு ரவுண்டு, சில நிமிஷம். ஊரூராகச் சோறு போட்ட சரக்கு ஒரே ராத்திரியில் தமிழ்நாடு பூராவும் தெரிந்துபோகும். மறுவாரம் புதுசு வேண்டும். அதற்கு மறுவாரமும்.

உடனே சிவகார்த்திகேயனைச் சொல்வீர்கள். திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர், ‘கலக்கப்போவது யாரு’வில் ஜெயித்தவர், தொகுப்பாளராகி ஹீரோவும் ஆகிவிட்டார். ஆனால் வாராவாரம் காமெடி செய்யும் வேலையை விட்டு வெளியே வந்ததால்தான் அவர் தப்பித்தார் என்பேன் நான். (ரசிகர்கள் மன்னிக்கவும்.)

அங்கேயே தங்கியவர்களில் பலர் அடுத்தவருக்கு ஸ்கிரிப்ட் எழுதப் போனார்கள். மேடையில் தன் வாய்க்குப் பொருந்திய வசனத்தை இன்னொருவர் வாய்க்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. சிரிப்பு நடிப்பவருக்கு, எழுதியவர் பெயர் கடைசியில் ஓடும்போது நாம் சேனல் மாற்றியிருப்போம். அதைவிடக் கொடுமை, உள்ளூர் வாசனை போய்விடுவது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி ஒரு வரி போட்டால் மன்னார்குடிக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். மூடிய அந்த கேட்டில் காத்துக் கிடந்து காய்ந்தவனுக்குத்தானே அருமை தெரியும்! சென்னை செட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் கேட். வெட்டிவிடுவார்கள். அப்புறம் மிச்சமிருப்பது மாமியார், பொண்டாட்டி, குண்டு, கறுப்பு. காமெடி ஷோக்கள் இந்த நாலையே சுற்றுவதற்குப் புத்திக் குறைவு காரணமில்லை, அவசரம்தான் காரணம்.

எழுத்தாளராகவே பெயர் வாங்கியவர் என்றால் கிரேஸி மோகன். இன்ஜினியர், 1979இல் சொந்த நாடகக் குழு தொடங்கினார். டிவிக்கும் சினிமாவுக்கும் எழுதிக் குவித்தாலும் 2019இல் மறையும் வரை நாடகத்தை விடவில்லை. ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான தடவை போட்டார், ஜனம் திரும்பத் திரும்ப வந்தது. சபாவில் கிடைத்த அந்தச் சலுகையை நாம் கோயில் மேடைக்காரருக்குத் தருகிறோமா? ‘டிவி புகழ்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டு அழைக்கிறோம். டிவியில் பார்த்ததையே பேசினால், “இதைத்தான் யூடியூப்பிலேயே பார்த்தாச்சே” என்று முன்வரிசையிலிருந்து குரல் வருகிறது.

விழாக் கமிட்டி அண்ணன்களுக்கு ஒன்று. நோட்டீஸில் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய காமெடி என்று சொல்லி, அட்வான்ஸ் போக மீதிப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.