ஒரு சிஸ்டர் ரிசைன் பண்ணினால் என்னவெல்லாம் போகிறது?

“ஒருத்தர் போனா என்ன, இன்னொருத்தரை எடுத்துக்கலாம்.” மருத்துவமனை நிர்வாகக் கூட்டங்களில் இந்த வாக்கியம் சர்வசாதாரணமாக வந்து விழும். வருடக்கணக்கில் வார்டில் நின்று வேலை பார்த்த செவிலியர் என்ற முறையில் இதை முழு மனதோடு மறுக்கிறேன். ஆள் கணக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடலாம். வேலையின் தரம் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். சில வார்டுகளில் வருவதே இல்லை.

ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ இருவரும் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்யும் இதய அறுவை சிகிச்சை நிபுணர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மருத்துவமனையில் ஒரு டாக்டர் அதிகமாக ஆபரேஷன் செய்யச் செய்ய, அங்கே அவருடைய நோயாளிகளின் இறப்பு விகிதம் குறைந்தது. ஆனால் அதே டாக்டர் வேறொரு மருத்துவமனையில் கத்தியைப் பிடித்தபோது அந்த முன்னேற்றம் அவரோடு போகவில்லை. கை அதே கைதான். சுற்றி நிற்கிற ஆட்கள் வேறு. எந்த நேரத்தில் எந்தக் கருவியைக் கேட்பார், எப்போது பேசக்கூடாது, மயக்க மருந்து கொடுப்பவரின் முகம் மாறினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் சேர்ந்து வேலை செய்து வருகிற பழக்கம். ‘திறமைசாலி டாக்டர்’ என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு அந்தக் குழுவுக்குச் சொந்தம்.

செவிலியர்கள் விஷயத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளை வைத்து ஆன் பார்ட்டெல் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பிரிவில் நீண்ட காலம் நிலைத்த செவிலியர்கள் இருந்த இடங்களில் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வார்டில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நேற்று வரை கலகலப்பாகப் பேசிய நோயாளி இன்று காலை கொஞ்சம் மந்தமாக இருக்கிறார் என்பதை பிபி சார்ட் சொல்வதற்கு முன்பே பழகிய கண் பிடித்துவிடும். எந்த வென்டிலேட்டரின் அலாரம் எப்போது ஏமாற்றும், நள்ளிரவில் ரத்த வங்கியில் யாரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும், இதெல்லாம் எந்த ஃபைலிலும் கிடையாது. ஒருவர் ரிலீவ் ஆகிறபோது இவை அவரோடு வெளியே போய்விடுகின்றன.

போனவரின் வேலை யார் தலையில் விழுகிறது? இருக்கிறவர்கள் தலையில்தான். லிண்டா ஐக்கன் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தாலே அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அந்தச் செவிலியர் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. சோர்ந்தவர் அடுத்து ராஜினாமா எழுதுவார், மிச்சமிருப்பவர்களின் சுமை இன்னும் ஏறும். இந்தச் சங்கிலியை வெறும் ஆள்சேர்ப்பு விளம்பரத்தால் அறுக்க முடியாது.

இங்கேதான் தலைமை வருகிறது. சேர்மனையும் டைரக்டரையும் நான் சொல்லவில்லை. டூட்டி லிஸ்ட் போடுகிற வார்டு இன்சார்ஜ், யூனிட் தலைவர், இவர்களைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 2,800-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தங்களுடைய நேரடி மேலதிகாரிக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண் ஒரு புள்ளி கூடினால் பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 3.3 சதவீதம் குறைந்தது, வேலையில் திருப்தியாக இருக்கும் வாய்ப்பு 9 சதவீதம் கூடியது. கேட்ட கேள்விகள் ரொம்ப எளிமையானவை. என் கருத்தைக் கேட்கிறாரா, என்னை மரியாதையாக நடத்துகிறாரா, நான் வளர வழி செய்கிறாரா, இந்த மாதிரிதான்.

தலைமை சரியில்லாத வார்டை நான் அடையாளம் காணும் இடம் ஒன்று உண்டு. அங்கே தவறே நடப்பதில்லை, காகிதத்தில்! ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள வார்டுகளில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவரே முதலில் குழம்பினார். அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்தது, அதனால் பதிவானது என்பது பிறகுதான் புரிந்தது. இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினால் மெமோ வரும் என்று தெரிந்த இடத்தில் தவறு உள்ளேயே புதைந்துபோகும், அடுத்த ஷிஃப்டில் இன்னொரு நோயாளிக்கு அதுவே நடக்கும். மனசாட்சியுள்ளவர்கள் அப்படிப்பட்ட இடத்தில் நிலைப்பதில்லை. முதலில் போகிறவர்கள் அவர்கள்தான்.

சம்பளம் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். “சேவை மனப்பான்மை” என்று சொல்லிச் சொல்லியே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். ஆனால் நியாயமான சம்பளம் தருகிற இடத்திலும் ஒரு வார்டில் ஆள் நிற்கிறது, பக்கத்து வார்டில் நிற்பதில்லை. சம்பளமும் ஒன்றேதான், கட்டடமும் ஒன்றேதான். வித்தியாசம் இன்சார்ஜில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் போக மாட்டேன் என்று பாண்டு (ஒப்பந்தம்) எழுதி வாங்கி ஆளைப் பிடித்து வைப்பதைத் தக்கவைத்தல் என்று கணக்குக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். போக முடியாமல் உட்கார்ந்திருப்பவரின் மனம் வேலையில் இருக்காது, அந்தக் கஷ்டம் நோயாளி வரைக்கும் போகும்.

இன்னொரு வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஐசியூவில் கெட்டிக்காரராக இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவரை மறுநாளே இன்சார்ஜ் ஆக்கிவிடுகிறார்கள். ஊசி போடக் கற்றுக்கொடுத்தோம். இரண்டு சிஸ்டர்கள் சண்டை போட்டால் என்ன செய்வது, தொடர்ந்து நைட் டூட்டி விழுந்தவரிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது கற்றுக்கொடுத்தோமா? அதற்கும் பயிற்சி வேண்டும், அதற்கென்று நேரமும் ஒதுக்க வேண்டும். முழு நோயாளிச் சுமையையும் தூக்கிக்கொண்டு நிர்வாகமும் பார் என்றால் நல்லவரும் எரிந்துவிழத்தான் செய்வார்.

மாதாந்திரக் கூட்டத்தில் படுக்கை நிரம்பிய விகிதம், தொற்று விகிதம் எல்லாம் திரையில் வருகின்றன. எந்த வார்டிலிருந்து யார் போனார்கள், எத்தனை வருட அனுபவத்தோடு போனார்கள் என்பதும் அதே திரையில் வரட்டும். போகிறவரை உட்கார வைத்து நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மை அதிகம் வராது. அனுபவச் சான்றிதழ் கைக்கு வரவேண்டுமே என்று பூசி மெழுகிவிட்டுப் போவார். அதனால் இருக்கிறவர்களிடம் கேளுங்கள், இங்கே எது உங்களைப் போகச் சொல்கிறது என்று. அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த டூட்டி லிஸ்ட் வருவதற்குள் மாற்றிக் காட்டுங்கள்.