மிஸ் கேட்கவில்லை என்பது ஒரு காரணமா?

எங்கள் பாடசாலையில் கிரிக்கெட் பயிற்றுநருக்குக் கொடுப்பனவு உண்டு, வலைப்பந்து பழக்கும் மிஸ்ஸுக்கு இல்லை. மட்டக்களப்பில் கூடைப்பந்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். வெபர் மைதானத்தின் பெயருக்குரிய அருட்தந்தையும் அவர்களில் ஒருவர். அந்த நாட்டில் பெண்கள் அணியைப் பயிற்றுவிப்பவருக்கு என்ன சம்பளம் என்று தேடியபோதுதான் மரியான் ஸ்டான்லியின் வழக்கைப் படித்தேன்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்றுநரான அவர், 1993இல் ஒப்பந்தம் முடிவடைந்தபோது, ஆண்கள் அணியின் பயிற்றுநர் ஜோர்ஜ் ராவெலிங்குக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தமக்கும் கேட்டார். பேச்சு முறிந்தது, பதவியும் போனது. ஆண்கள் அணியின் வருமானம் 90 மடங்கு அதிகம் என்பதை 1994இலும், ராவெலிங்கின் அனுபவம் கூடியது என்பதை 1999இலும் எடுத்துக்காட்டி, மேன்முறையீட்டு நீதிமன்றம் இரு முறையும் ஸ்டான்லிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முன்பு வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அவர் வென்று கொடுத்த மூன்று தேசியக் கிண்ணங்கள் தராசைச் சாய்க்கவேயில்லை.

அந்த 90 மடங்கு எப்படி வந்தது? விளம்பரத்தையும் ஆளணியையும் ஒரு பக்கமே கொட்டிவிட்டு, மறுபக்கத்தைப் பார்த்து வருமானம் எங்கே என்பது, எருமைக்குப் புல் காட்டாமல் தயிர்ச்சட்டியை எட்டிப்பார்ப்பது போன்றது. பெண்கள் அணிக்கு நிறுவனமே குறைவாகச் செலவிட்டிருந்தால் வருமான வேறுபாட்டைச் சாக்காகச் சொல்ல முடியாது என்று, வேலையிடச் சமத்துவத்துக்கான அமெரிக்க ஆணைக்குழுவும் 1997இல் வழிகாட்டியது.

நான் படித்த கலவன் பாடசாலையில் இந்தச் சாக்குக்கும் இடமில்லை. ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட் மெச்சுக்கும் எவரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் கிரிக்கெட் பயிற்றுநருக்குப் பழைய மாணவர் சங்கம் மாதக் கொடுப்பனவு வழங்குகிறது. வலைப்பந்து பழக்கும் விஞ்ஞான மிஸ்ஸுக்குப் பரிசளிப்பு விழாவில் பொன்னாடை மட்டும். பால்மாப் பேணியின் அடியில் ஆணியால் துளையிட்டு, அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தட்டித் தட்டி அவரே கோடு போடுவார். பயிற்சி முடிந்து இருட்டினால், சொந்தக் காசில் ஓட்டோ பிடித்து, பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். கிரிக்கெட் சேர் ஐந்தரைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். (அவரில் குறையில்லை, ஆண்பிள்ளைகள் தாங்களாகவே வீடு போய்ச் சேர்வார்கள்.) வேலை கூடிய இடத்தில்தான் கொடுப்பனவு இல்லை.

சங்கத்தின் கடந்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது நிர்வாகத்திலிருந்த ஒருவர், “மிஸ் ஒருநாளும் கேக்கல்லையே” என்றார். கேட்ட ஸ்டான்லிக்கு நடந்ததை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. இம்முறை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மிஸ்ஸுக்காக நான் கேட்கப்போகிறேன்: வரவு செலவு அறிக்கையில் பயிற்றுநர் கொடுப்பனவு என்ற தலைப்பின் கீழ், கிரிக்கெட்டுக்கு அடுத்த வரியில் வலைப்பந்தும் இருக்க வேண்டும், அதே தொகையுடன்.