வாடகை இல்லை என்று யார் சொன்னது?
தெருவோரக் கடைக்காரர்களுக்கு வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, அதனால்தான் மலிவாகத் தர முடிகிறது என்று தெருவோர வியாபாரம் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. எனக்குச் சண்டை அந்த வரியோடுதான். என் அத்தை மயிலாப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் கீரையும் வாழைப்பூவும் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு மொத்த மார்க்கெட். அங்கே மூட்டை தூக்கக் கூலி, நாலு பேர் சேர்ந்து பிடிக்கும் குட்டியானை வண்டி வாடகையில் பங்கு, சாயங்காலம் பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு போடத் தினக்காசு, அப்புறம் 'கவனிக்க' வேண்டியவர்களுக்குத் தனியாக. இதெல்லாம் வாடகை இல்லையா? இதைவிடப் பெரிய செலவு தண்டல், அதாவது தினவசூல் வட்டிக் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழையில் வியாபாரமே இல்லாத நாளிலும் தண்டல்காரர் மட்டும் தவறாமல் வந்து நிற்பார். தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வநிதி கடன் இருக்கிறதே என்று அந்தக் கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சரி, 2020-ல் வந்தபோது முதல் கடன் 10,000 ரூபாய், நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்த அன்று அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார், பட்டியலில் பெயர் இல்லை. கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம். ஆனாலும் அத்தையின் தராசை இரண்டு முறை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதுத் தராசுக்கும் தண்டல்தான் வாங்கினார்.