கடைசியில் வருகிறவர்தான் முக்கியம்
சைக்கிளில் குழுவாகச் சவாரி போக, வேகமாக ஓட்டுபவர் ஒருவர் வழிகாட்டினால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. புதியவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவது அதனால்தான். நல்ல அனுபவமுள்ளவரைக் கடைசியில் போடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் விடுபடக் கூடாது, அது ஒன்றே விதி. முன்னால் போகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து வேகத்தை வைக்கட்டும். நகருக்குள் மணிக்கு 15 கிலோமீட்டர் தாராளம்.

சிக்னலில் குழு உடையத்தான் செய்யும். பாதிப்பேர் கடந்தபின் சிவப்பு விழுந்தால் மீதிப்பேர் நின்றே ஆக வேண்டும். முன்னே போனவர்கள் சந்திப்பை ஒட்டி நிற்காமல் 50 மீட்டர் தள்ளி ஓரமாக ஒதுங்கிக் காத்திருக்கலாம். புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் யாரும் பதறிப்போய்ச் சிவப்பைத் தாண்ட மாட்டார்கள்.

பஞ்சர் பையில் டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, உப்புத்தாள், ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஒட்டு, அதை ஒட்டும் பசையான சொல்யூஷன், தடித்தது, மெலிந்தது என இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும் பம்பு. பலரும் சறுக்குவது சொல்யூஷனில். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே பிரிந்துவிடும். மெலிதாகத் தடவி, பளபளப்பு மங்கும்வரை ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு அழுத்துங்கள். (பேர் தெரியாதவர்கள் பழகிக்கொள்வதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.) டயரின் உட்புறத்தை மெல்லத் தடவிப் பார்க்காமல் ட்யூபை மாட்டாதீர்கள், குத்திய முள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். மாட்டும்போது ட்யூபில் கொஞ்சம் காற்று இருக்கட்டும். தொளதொளவென்று இருந்தால் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் மாட்டிக் கிழியும்.