நெய்வேலியில் தோண்டுவது வேறு நிலக்கரி

"நெய்வேலி நிலக்கரியை எண்ணூர், மேட்டூர் அனல்மின் நிலையங்களுக்கு அனுப்பினால், ஒடிசாவிலிருந்து வாங்கவே வேண்டாம்" என்று ஒரு பதிவு பலரால் பகிரப்படுகிறது. பதிவிட்டவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு திருத்தம் தேவை.

நெய்வேலியில் கிடைப்பது லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. ஒடிசாவின் தால்சேரிலிருந்து வருவது கருப்பு நிலக்கரி. பெயர்தான் ஒன்று போல இருக்கிறது. லிக்னைட் வயதில் இளையது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 கிலோ கலோரி வெப்பம்தான் தரும். அதை ரயிலில் ஏற்றினால் பாதிக் கூலி தண்ணீருக்குத்தான் போகும். காற்றுப் பட்டுக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். அதனால்தான் நெய்வேலி அனல்மின் நிலையங்களைச் சுரங்கத்தின் வாசலிலேயே கட்டினார்கள். கொதிகலனும் வேறு: கருப்பு நிலக்கரிக்கென்று வடிவமைத்த கொதிகலனில் இவ்வளவு ஈரமான எரிபொருளை அப்படியே போட்டு ஓட்ட முடியாது.

நீங்களே சரிபார்க்கலாம். மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் நிலக்கரிக்கு ஒரு கணக்கு, லிக்னைட்டுக்குத் தனிக் கணக்கு. அப்புறம், நெய்வேலிப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் புதிதாக வெட்டிய கட்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மண் நிறத்தில், சில கட்டிகளில் மரத்தின் ரேகைகூடத் தெரியும். எடை போட்டு ஒரு வாரம் வெயிலில் வைத்து, திரும்ப எடை போடுங்கள். கட்டி வெடித்து உதிர்ந்திருக்கும், எடையும் நன்றாகக் குறைந்திருக்கும்.