தண்ணீர் கூலரும் தில்லி வெயிலும்
கம்ப்யூட்டருக்குத் தண்ணீரால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போட்டால் மே மாதத்திலும் பிராசஸர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், கேபினெட் (கம்ப்யூட்டர் பெட்டி) எதுவானாலும் சரி என்று மேலே ஒருவர் சொல்லி, பலர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நண்பரே, அப்படி நடக்க வழியில்லை.

நம் தில்லி வீடுகளில் ஓடும் டெசர்ட் கூலரில் தண்ணீர் ஆவியாகிறது, அதனால் காற்று குளிர்கிறது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். கம்ப்யூட்டர் கூலரில் தண்ணீர் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. பிராசஸரின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, ஃபேன் அதைக் காற்றில் தள்ளுகிறது. அந்தக் காற்று 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியால் அடைத்திருந்தால் இன்னும் மோசம். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்தில் காற்று புகும் வலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரிபார்ப்பது எளிது. காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வையுங்கள். ஏதாவது கேமை அரை மணி நேரம் ஓட்டி, ஹெச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள், எப்போதும் அறையைவிட அதிகமாகவே இருக்கும். சும்மா இருக்கும்போது குறைவாகக் காட்டினால் நம்பாதீர்கள். குறைந்த வெப்பத்தில் அந்த சென்சார்கள் அவ்வளவு துல்லியமில்லை.