ரமணர் செத்துப் பிழைச்சவர் இல்லங்க

"ரமணர் 16 வயசுல காய்ச்சல்ல செத்துப் பிழைச்சாரு, அதான் ஞானம் வந்துச்சு, நமக்கெல்லாம் சாவை நினைச்சா டிப்ரஷன்தான் வரும்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. தப்புங்க அது. காய்ச்சலும் இல்ல, விபத்தும் இல்ல. 1896 ஜூலை, மதுரைல சித்தப்பா வீட்டு மாடி, பையன் நல்ல ஆரோக்கியமா தனியா உக்காந்திருக்கான், திடீர்னு சாகப்போறோம்னு ஒரு பயம், அவ்வளவுதான். டாக்டர்கிட்ட ஓடல, அப்படியே படுத்து கைகால விறைப்பா நீட்டி, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்க மூடிக்கிட்டு பிணம் மாதிரி கிடந்து, சரி உடம்பு செத்துருச்சு, சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போய் எரிச்சுருவாங்க, அதோட நானும் செத்துட்டேனான்னு உள்ளுக்குள்ள பார்த்திருக்காரு. இதை பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. 12 வயசுலயே அப்பாவை இழந்த பையன்ங்கறதையும் மறந்துடாதீங்க. ஆறு வாரம் கழிச்சு ஆகஸ்ட் 29 கிளம்பி, செப்டம்பர் 1 திருவண்ணாமலை.

பயத்தை விட்டு ஓடாம கிட்டப் போய் பார்த்ததுதான் அங்க விஷயம். பௌத்தத்துல மரணஸதின்னு, சாவை நினைச்சுப் பார்க்கறதையே ஒரு தியானப் பயிற்சியா வெச்சிருக்காங்க, யாரும் செத்துப் பிழைக்க வேண்டியதில்ல. எங்கப்பா போனப்புறம் நானும் ராத்திரி போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு பத்து நிமிஷம் இப்படி படுக்கறேன். மொத வாரம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, இப்ப காலைல அம்மாகிட்ட எரிஞ்சு விழறது குறைஞ்சிருக்கு.